முட்டை உடைத்து வெட்டிய மரம்

அடிக்கட்டையின் மேல் உட்காரப் போன அடோட்டேயின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார் செர்வா லார்பி.

"அது ஸ்டூல் இல்லடா, சாட்சி."

"சாட்சின்னா வாயைத் திறக்கணுமே மேடம். இது நாம வந்ததுல இருந்து உம்முனு இருக்கு."

"நீ வாயை மூடினா அது திறக்கும்."

அடோட்டே வாயை மூடிக்கொண்டான். எவ்வளவு நேரத்துக்கு என்பது வேறு விஷயம். தலைநகர் அக்ராவில் இருக்கும் செர்வாவின் துப்பறியும் அலுவலகத்தில் அவன்தான் டிரைவர், அவன்தான் குமாஸ்தா. ஆள் வராத நாட்களில் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து வாடிக்கையாளர் வேலையையும் அவனே பார்ப்பான். கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன். மலையும் காடும் அவன் உடம்புக்கு ஆகாத சமாச்சாரங்கள். செர்வா நேர் எதிர். இந்த மலையிலேயே பிறந்தவர். போலீஸில் நெடுநாள் இருந்துவிட்டு, மேலதிகாரி ஒருவரின் மச்சானைக் கைது செய்த குற்றத்துக்காக வெளியே வந்தவர். குட்டையான உருவம், தடித்த கண்ணாடி, அதைவிடத் தடித்த கைப்பை.

வெட்டுப்பட்டுக் கிடந்தது சாதாரண மரம் இல்லை. அக்குவாபெம் மலையில் அபென்சு என்ற இந்தச் சின்ன ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறதென்றால் அது இந்தக் கோகோ மரத்தால் வந்த பெயர். சுற்றுவட்டாரத்துக் கோகோ முழுக்க இதன் வித்து என்பது ஊர்க்காரர்களின் நம்பிக்கை. மரமும் அதைச் சுற்றிய பழைய தோட்டமும் பாதுகாக்கப்பட்ட இடம். வேலி போட்டு, வாசலில் பலகை வைத்து, டிக்கெட் கொடுத்து உள்ளே விட்டார்கள். தலைநகரத்திலிருந்து பஸ் பஸ்ஸாகப் பள்ளிப் பிள்ளைகள் வந்து மரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அரசரையும் ஊர்ப் பெரியவர்களையும் இங்கே 'நானா' என்பார்கள். மரத்தையும் அப்படித்தான் அழைத்தார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை யாரோ நானாவை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள்.

அந்த ஞாயிறு முன்னோர்களுக்கான விலக்கு நாள். அன்றைக்கு ஊரில் ஒருத்தரும் தோட்டத்தில் கால் வைக்க மாட்டார்கள். மண்ணுக்கே ஓய்வு. ஆகவே ஊருக்குக் கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது. நம் ஆள் வெட்டியிருக்க முடியாது, அப்படியானால் நம் ஆள் இல்லாதவன்தான் வெட்டியிருக்கிறான். தோட்டத்து ஓரக் குடிசையில் மனைவி பிள்ளைகளோடு குடியிருந்த காவல்காரர் அயாம்கா வடக்கிலிருந்து வந்தவர். அவருடைய வெட்டுக்கத்தி மரத்தடியிலேயே கிடந்தது. அவர் அன்று மனைவியோடு மலைக்குக் கீழே உறவினர் வீட்டுக்குப் போயிருந்ததாகச் சொன்னார். மனைவி சொல்வதெல்லாம் சாட்சியா என்று ஊர் சிரித்தது.

இன்று மத்தியானம் அரசரின் சபை. செர்வா வேறு பெயர் ஒன்றைச் சொல்லாவிட்டால், பொழுது சாய்வதற்குள் அயாம்காவின் குடும்பம் மலையை விட்டு இறங்க வேண்டும். அரசர் நியாயமானவர். வெளியாள் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும் என்று அவர்தான் செர்வாவை வரவழைத்தார்.

அயாம்காவின் மனைவி லமிசி தண்ணீர்க் குவளையோடு வந்து நின்றாள். குடிசை வாசலில் பாயும் பாத்திரமும் மூட்டையாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன.

"என்னம்மா, இப்பவே கட்டிட்டீங்க?" என்றான் அடோட்டே.

"கடைசி நிமிஷத்துல கட்டினா எதையாவது விட்டுட்டுப் போயிடுவேன் தம்பி. திரும்பி வந்து எடுக்க விடுவாங்களா?"

அடோட்டேக்கு ஒரு ஜோக் வந்தது. அதை அப்படியே விழுங்கிவிட்டுத் தண்ணீரைக் குடித்தான்.

"உங்க வீட்டுக்காரர் கத்தியை எங்க வைப்பார்?" என்று கேட்டார் செர்வா.

"குடிசை வெளிச்சுவத்துல சாத்தி வெச்சிருப்பார். எப்பவும் அங்கதான். இந்தத் தோட்டத்துக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப எல்லாரும் எடுத்திருக்கலாம்." செர்வா முழந்தாளிட்டுக் குனிந்து, சாய்ந்து கிடந்த மரத்தைப் பார்த்தார். "அடோட்டே, இங்க வா. கோகோ எங்க காய்க்கும்?"

"சாக்லேட் கடையில."

"அடிமரத்துலயே ஒட்டிக்கிட்டுக் காய்க்கும். இங்க பாரு, பச்சைக் காய் எல்லாம் அப்படியே இருக்கு. பழுத்தது ஒண்ணுகூட இல்ல. மரம் சாயறதுக்கு முன்னாடியே பறிச்சிருக்கான். எப்படிப் பறிச்சிருக்கான் பாரு. காம்பை மட்டும் சின்னக் கத்தியால அறுத்திருக்கான். காம்பு முளைக்கிற கணுவுல ஒரு கீறல் இல்ல. அந்தக் கணு கெட்டா மறுபடி அந்த இடத்துல பூக்காது. அடுத்த வருஷமும் இங்க காய்க்கணும்னு நினைக்கறவன்தான் இப்படிப் பறிப்பான்."

"அடுத்த வருஷமா? அடுத்த நிமிஷமே மரம் காலியாச்சே மேடம்!"

"அதைத்தான் நானும் கேக்கறேன்."

கொஞ்சம் தள்ளி ஒரு சாம்பல் மேடு இருந்தது. செர்வா குச்சியால் கிளறினார். மரத்தின் தடித்த பாகங்கள் எல்லாம் கிடந்த இடத்திலேயே கிடந்தன. இளங்கிளைகளும் கொழுந்துகளும் மட்டும் கழித்து எரிக்கப்பட்டிருந்தன. அடிக்கட்டைக்குத் திரும்பி வந்தவர் வேரின் இடுக்கிலிருந்து வெள்ளையாக எதையோ நகத்தால் எடுத்தார். முட்டை ஓடு. சாய்ந்து கிடந்த மரத்தின் பட்டையில் மஞ்சளாக ஒரு கோடு வழிந்து காய்ந்திருக்க, அதில் எறும்புகள் வரிசை கட்டியிருந்தன.

"கேஸ் முடிஞ்சுது மேடம்," என்றான் அடோட்டே. "முட்டை இருக்கு, அடுப்பு இருக்கு. காலை டிபன் செஞ்சிருக்கான். ரொட்டி விக்கிறவனைப் பிடிச்சா போதும்."

"பச்சை முட்டைடா. மரத்து மேல உடைச்சிருக்கான்."

"அப்ப சமைக்கத் தெரியாதவன். தேடற வட்டம் பெருசாயிடுச்சே."

அவன் பக்கத்து மரத்தில் ஒரு கிளையை ஒடித்து, அரசரின் விசிறிக்காரன் மாதிரி செர்வாவைச் சுற்றி ஈ ஓட்டிக் காட்டினான். லமிசியின் முகத்தில்கூடச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. செர்வா மட்டும் சிரிக்கவில்லை. அவன் கையிலிருந்து கிளையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணருகே வைத்துப் பார்த்தார். பிறகு அதைக் கைப்பைக்குள் போட்டார்.

"மேடம், அது என் விசிறி."

"இனிமே என்னோடது."

வேலி வரைக்கும் தனியாக நடந்து போய் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். போனபோது இருந்த முகம் வந்தபோது இல்லை. அடோட்டே அந்த முகத்தை முன்பு ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறான், ஒரு தாயிடம் கெட்ட செய்தி சொல்லப் போனபோது.

*

தோட்டத்து வாசலில் டிக்கெட் கொட்டகையின் நிழலில் உட்கார்ந்திருந்தான் டான்சோ. தோட்டத்துக்கு உரிமையுள்ள குடும்பத்தின் தலைவர் ஒபுவோபி. டான்சோ அவருடைய தங்கை மகன். இங்கே சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும். தோட்டம் கைக்கு வந்ததும் விருந்தினர் விடுதி கட்டுவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் அவன். போதாக்குறைக்கு மரம் அறுக்கும் மிஷினை வாடகைக்கு விடுவதுதான் அவன் தொழில்.

"வாங்க, தயவு செஞ்சு உக்காருங்க," என்றான். "தயவு செஞ்சு என்னைச் சந்தேகப்படுங்க. எல்லாரும் படறாங்க."

அடோட்டே செர்வாவின் காதைக் கடித்தான். "இந்த ஊர்ல கத்தியால குத்தறதுன்னாகூட தயவு செஞ்சுன்னு சொல்லிட்டுத்தான் குத்துவாங்க போல."

"ஞாயித்துக்கிழமை எங்க இருந்தீங்க?" என்றார் செர்வா.

"தூங்கினேன். சாட்சி கிடையாது. ஆனா ஒண்ணு யோசிங்க. நான் வெட்டணும்னா மிஷின் இருக்க வெட்டுக்கத்தி எதுக்கு? அந்த வெட்டைப் பார்த்தேன், ரொம்ப நேரம் கொத்திக் கொத்தி வெட்டியிருக்கான். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது."

"பழுத்த காயைப் பறிச்சு வெச்சுட்டு வெட்டியிருக்காங்க."

டான்சோ சிரித்தேவிட்டான். "பறிச்சு? நான் கோகோ பறிச்சா எங்க மாமா மயக்கம் போட்டு விழுந்துடுவார். பழம் எது காய் எதுன்னே எனக்குத் தெரியாது. நீங்க அவர் வீட்லதானே தங்கியிருக்கீங்க, கேட்டுப் பாருங்க."

"தங்கியிருக்கோம்," என்றான் அடோட்டே. "ராத்திரி முழுக்க ஏதோ புளிச்ச வாடை. சாப்பாடு அருமை, மூக்குக்குத்தான் தண்டனை."

அங்கிருந்து நகர்ந்ததும் செர்வா கேட்டார். "என்ன தோணுது?"

"இவனுக்கு மரம் போனதுல சந்தோஷம். ஆனா வெட்டறதுக்குச் சோம்பேறி."

"சரியாச் சொன்னே. மரத்தை வெறுக்கறவன் பழத்தைப் பத்திரமாப் பறிக்க மாட்டான். மரத்துகிட்ட மன்னிப்பும் கேக்க மாட்டான்."

"மன்னிப்பா? எங்க கேட்டான்?"

"முட்டைடா. முரசு செய்யற மரத்தை வெட்டப் போறவங்க அது மேல முட்டை உடைச்சு, சாராயம் ஊத்தி, பொறுத்துக்கோன்னு சொல்லிட்டுத்தான் கத்தி வைப்பாங்க. அந்த மரத்துக்குள்ள உயிர் இருக்குன்னு நம்பிக்கை."

"கோகோவுக்கும் செய்வாங்களா?"

"ஒருத்தரும் செய்ய மாட்டாங்க. அதான் நாம இப்ப முரசு செதுக்கறவர் வீட்டுக்குப் போறோம்."

*

ஊர்க்கோடியில் பெப்ராவின் பட்டறை. அரசரின் முரசுகள் எல்லாம் அவர் கையில் பிறந்தவை. ஒரு பெரிய கட்டையைக் குடைந்துகொண்டிருந்தவர் உளியைக் கீழே வைத்துவிட்டு இருவருக்கும் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்த பிறகுதான் வந்த காரியத்தைக் கேட்டார். அதுதான் முறை.

அடோட்டே முந்திக்கொண்டான். "அய்யா, உங்க வீட்ல முட்டை ஏதாவது காணாமப் போச்சா?"

பெப்ரா அவனைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டு செர்வாவிடம் திரும்பினார். "அம்மா, தயவு செஞ்சு தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தம்பி முட்டாளா?"

"பாதி நேரம்," என்றார் செர்வா. "அய்யா, கோகோ மரத்தை வெட்டறதுக்கு முன்னாடி முட்டை உடைக்கிற வழக்கம் உண்டா?"

"கோகோவுக்கா? அது கப்பல்ல வந்த செடி. வெட்டினா வெட்டினதுதான், அதுகிட்ட என்ன பேச்சு? இந்த மலையில இருக்கற முரசு மரத்துக்குத்தான் அதெல்லாம்."

செர்வா கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த ஓட்டைக் காட்டினார். எங்கே கிடைத்தது என்று சொன்னார். பெப்ரா அதை உள்ளங்கையில் வாங்கிப் பார்த்தார். அவருடைய குரல் இறங்கிவிட்டது.

"நானா மேலயா உடைச்சிருக்காங்க? அப்ப வெட்டினவன் அதைச் செடின்னு நினைக்கல. பெரிய மனுஷன்னு நினைச்சிருக்கான். முட்டை உடைக்கிறப்ப சும்மா உடைக்கக் கூடாதும்மா. எதுக்காக வெட்டறேன்னு மரத்துகிட்ட காரணம் சொல்லணும். பொய்க் காரணம் சொன்னா கத்தி நம்ம கால்லயே இறங்கும்னு எங்கப்பா சொல்லுவார். விரோதத்துல வெட்டறவன் முட்டை உடைக்க மாட்டான். வேற வழியில்லாதவன்தான் உடைப்பான்."

"உங்கப்பாகிட்ட இந்த வேலையைக் கத்துக்கிட்டவங்க யார் யார்?"

"நான்தான்."

"வேற?"

பெப்ரா உளியை எடுத்துக் கையில் உருட்டினார். வாசலைப் பார்த்தார். பிறகு கட்டையைப் பார்த்தார்.

"இன்னொருத்தன் இருந்தான். என் ஒண்ணுவிட்ட சகோதரன். சின்ன வயசுல எங்க வீட்லதான் வளர்ந்தான். என்னைவிட நல்ல கை அவனுக்கு. அவங்கப்பாவோட தோட்டம் போச்சு, அப்பாவும் போயிட்டார், அதனால எங்கப்பா எடுத்து வளர்த்தார். பின்னால தாய்மாமன் சொத்து வந்ததும் உளியை வெச்சுட்டுப் போயிட்டான். அம்மா, தயவு செஞ்சு அவன் பேரை என் வாயால சொல்ல வெக்காதீங்க."

"சொல்ல வேண்டாம்," என்றார் செர்வா. "ஆமான்னா தலையை மட்டும் ஆட்டுங்க. நாங்க நேத்து ராத்திரி அவர் வீட்டுச் சாப்பாடுதானே சாப்பிட்டோம்?"

பெப்ராவின் தலை அசைந்தது.

அடோட்டே எதையோ சொல்ல வாயெடுத்துவிட்டு மூடிக்கொண்டான். இந்தத் தடவை யாரும் அவனை மூடச் சொல்லவில்லை.

*

பெரியவர் ஒபுவோபி சபைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வேலைப்பாடு கொண்ட பெரிய துணியை இடது தோளில் போட்டு மடித்துவிட்டுக்கொண்டே சிரித்த முகத்தோடு வரவேற்றார்.

"வாங்க, வாங்க. தயவு செஞ்சு சாப்பிட்டுட்டுப் போகலாம். கிழங்கு அவிச்சு வெச்சிருக்கு. தம்பி, உனக்குப் பிடிச்ச மீனும் இருக்கு."

முந்தின நாள் அந்த மீனுக்காகவே அவரை உலகத்திலேயே நல்ல மனிதர் என்று அடோட்டே சொல்லியிருந்தான். இப்போது அவனால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

செர்வா உட்காரவில்லை. வீட்டைச் சுற்றிக் கொல்லைப்பக்கம் போனார். ஒபுவோபி பின்னாலேயே வந்தார். கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் ஒரு கூடை, வாழையிலை போட்டு மூடியிருந்தது. செர்வா இலையை விலக்கினார். உள்ளே கோகோ விதைகள் வெள்ளைச் சதையோடு புளித்துச் சூடாகி ஆவி விட்டன. ராத்திரி முழுக்க அடோட்டேயைத் தூங்கவிடாத வாடை குப்பென்று மேலே வந்தது.

"நானா, உங்க சொந்தத் தோட்டத்துல பறிப்பு முடிஞ்சு விதையெல்லாம் வித்தாச்சுன்னு நேத்துச் சொன்னீங்க. இந்த ஒரு கூடை எங்கிருந்து வந்துச்சு?"

"மிச்சம் இருந்தது."

"எந்த மரத்துல?"

ஒபுவோபி மடித்துவிட்ட துணி தோளிலிருந்து நழுவியது. அதை எடுத்துப் போடக்கூட அவர் கை வரவில்லை.

"வெட்டப் போற மரம்னு தெரியும்," என்றார் கடைசியில். "இருந்தாலும் பழுத்துத் தொங்கறதை மண்ணுல போட்டு மிதிக்க மனசு வரலை. கணுவைக் காயப்படுத்தாமத்தான் பறிச்சேன். ஏன் அப்படிப் பறிச்சேன்னு எனக்கே தெரியல. கை கேக்கலை."

"கிளைகளை எரிச்சது?"

"உங்களுக்குத்தான் தெரிஞ்சிருக்கே."

"இவனுக்குத் தெரியாது. சொல்லுங்க."

ஒபுவோபி கூடைக்குப் பக்கத்தில் இருந்த மரப்பலகையில் உட்கார்ந்தார். "வீக்க நோய், தம்பி. இளங்கிளையில முடிச்சு முடிச்சா வீங்கும். வந்துட்டா மருந்து கிடையாது. எனக்குச் சின்ன வயசு. அரசாங்க ஆளுங்க வெட்டுக்கத்தியோட வந்தாங்க. ஒரு மரத்துல இருந்தா சுத்தி நிக்கற எல்லா மரத்தையும் வெட்டணும்னு சட்டம். எங்கப்பா ஒவ்வொரு மரமாக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னார். அவரை இழுத்துப் போட்டுட்டு வெட்டினாங்க. அன்னிக்குப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்ல." அவர் மூச்சு வாங்கினார். "போன மாசம் நானா மேல முதல் முடிச்சைப் பார்த்தேன். அடுத்த வாரம் ஆய்வுக்கு வராங்க. நானாவைப் பார்த்தாங்கன்னா மொத்தத் தோட்டமும் போச்சு. ஒண்ணைக் குடுத்து மத்ததைக் காப்பாத்தலாம்னு நினைச்சேன். விலக்கு நாள்ல ஒருத்தரும் வர மாட்டாங்கன்னுதான் அன்னிக்குப் போனேன். முன்னோர்கள் என்னைக் கேக்கட்டும், நான் பதில் சொல்லிக்கறேன்."

"அயாம்கா கத்தி?"

"என் கத்தி மழுங்கிப் போச்சு. பாதியில போய் அதை எடுத்தேன். மரம் சாஞ்சதும் அதை அங்கயே போட்டுட்டு வந்துட்டேன். அவன் மேல பழி போடணும்னு நினைக்கல, சத்தியமா. ஊர் தானா அவன் பேரைச் சொல்லுச்சு. நான் வாயைத் திறக்கலை, அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றான் அடோட்டே. அவன் குரலில் விளையாட்டே இல்லை. "அந்தம்மா சட்டி பானையைக் கட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"அவனுக்கு வடக்கே ஊர் இருக்கு, ஜனம் இருக்கு. போய்ப் பொழைச்சுக்குவான். மரம் எங்க தம்பி போகும்?" ஒபுவோபி செர்வாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தயவு செஞ்சு, அம்மா. நீங்களும் இந்த மலையில பிறந்தவங்க. யார்னு தெரியலன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிடுங்க. அவனுக்கு வழிச்செலவுக்கு, பிள்ளைங்களுக்கு, எல்லாம் நான் குடுக்கறேன். மீதி மரமாவது நிக்கட்டும்."

ஒரு குடும்பம் போனால் ஒரு தோட்டம் நிற்கும். அடோட்டேக்கு ஒரு கணம் அது நியாயமாகவே பட்டது. உடனே லமிசி கட்டி வைத்த மூட்டை ஞாபகத்துக்கு வந்தது. செர்வா அந்தக் கணத்தில் என்ன நினைத்தார் என்று தெரியவில்லை. அவர் கைப்பையைத் திறந்து, காலையில் அடோட்டே ஈ ஓட்டிய கிளையை எடுத்து ஒபுவோபியின் மடியில் வைத்தார்.

ஒபுவோபி கிளையின் மேல் கட்டைவிரலை ஓட்டினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. கொஞ்சம் தள்ளி மறுபடி நின்றது.

"இதை எங்கிருந்து எடுத்தீங்க? நான் எல்லாத்தையும் எரிச்சேனே. ஒரு கொழுந்து விடாம எரிச்சேனே."

"இது நானாவோட கிளை இல்ல," என்றார் செர்வா. "பக்கத்து மரம். வேலி வரைக்கும் நடந்து பார்த்தேன், அங்கயும் இருக்கு. நீங்க முதல் முடிச்சைப் பார்த்த அன்னிக்கே அது எல்லா மரத்துக்கும் போயாச்சு. நானாவை வெட்டினதால ஒரு மரம்கூடப் பிழைக்கல, பெரியவரே."

ஒபுவோபி அந்தக் கிளையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். கோழிகள் மட்டும் காலடியில் கொத்திக்கொண்டிருந்தன. அவர் அழுவார் என்று அடோட்டே எதிர்பார்த்தான். அவர் அழவில்லை. திடீரென்று மிகவும் வயதானவராகத் தெரிந்தார்.

"அயாம்காவைத் துரத்தினாலும் தோட்டம் போயிடும்," என்றார் செர்வா. "சபை கூடிடுச்சு. நான் பேசட்டுமா, நீங்க பேசறீங்களா?"

*

அரண்மனை முற்றம் நிறைந்திருந்தது. குடும்பத் தலைவர்களுக்கு நாற்காலிகள் போட்டிருந்தன. அயாம்கா நடுவில் மண்ணில் உட்கார்ந்திருந்தார். லமிசி அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

ஒபுவோபி வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். தோளிலிருந்து துணியை இடுப்பு வரை இறக்கினார். அரசர் முன் எல்லோரும் செய்யும் மரியாதைதான் அது. ஆனால் அவர் தனக்காகக் காலியாக வைத்திருந்த நாற்காலியைத் தாண்டிப் போய், அயாம்காவுக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தபோது முற்றத்தில் சத்தம் அடங்கிவிட்டது.

அரசரிடம் யாரும் நேராகப் பேசுவதில்லை. தங்கப் பூண் போட்ட கோலோடு பக்கத்தில் நிற்பவரிடம் சொல்ல வேண்டும். ஒபுவோபி அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். நோயைச் சொன்னார், விலக்கு நாளைச் சொன்னார், முட்டையைச் சொன்னார், பக்கத்து மரத்துக் கிளையையும் காட்டினார். வாயை மூடிக்கொண்டிருந்ததைச் சொல்லும்போது மட்டும் குரல் எழும்பவில்லை. கோல்காரர் மறுபடி கேட்க வேண்டியிருந்தது.

அயாம்கா பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். "அய்யா, என் பொண்ணுக்குப் பேர் வெச்சதே நீங்கதானே," என்றார் மெல்ல. ஒபுவோபி தலையைத் தூக்கவில்லை.

அரசர் அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. விலக்கு நாளை மீறியதற்கு ஆடும் சாராயமும் தண்டம். ஆய்வாளர்களுக்கு மறைக்காமல் தகவல் போகும். தோட்டத்தின் கதி அவர்கள் கையில். "அயாம்காவுக்கு ஊர் தப்பு செஞ்சிருக்கு," என்றார் கோல்காரர், அரசரின் வார்த்தையாக. "அவருக்கு ஓர் ஆடும் புதுத் துணியும் கொடுக்கறோம். விரும்பினா தங்கட்டும். மனசு ஆறட்டும்."

அயாம்கா எழுந்து நின்றார். காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டுக்கொள்ளக்கூட இல்லை.

"ஆடு வேண்டாம். துணி வேண்டாம். தங்கறதைப் பத்தி அப்புறம் என் சம்சாரத்துகிட்ட கேட்டுச் சொல்றேன். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். என் பிள்ளைங்க ரெண்டும் இப்ப பள்ளிக்கூடத்துல இருக்குங்க. அங்க அதுங்க பேரை யாரும் கூப்பிடறதில்ல, 'மரம்வெட்டி'ன்னுதான் கூப்பிடறாங்க. வாத்தியாரே அப்படிக் கூப்பிட்டாராம். அந்தப் பேரை ஆட்டைக் குடுத்து மாத்த முடியாது. இவர் அங்க வரணும். எல்லாப் பிள்ளைங்க முன்னாடியும் நின்னு, வெட்டினது நான்னு சொல்லணும்."

நாற்காலிகள் கிரீச்சிட்டன. குடும்பத் தலைவர் ஒருவர் பொடிசுகள் முன்னால் போய் நிற்பதா என்று யாரோ முணுமுணுத்தார்கள். அரசர் கையை உயர்த்தி அதை அடக்கினார். தீர்ப்பாக எதுவும் சொல்லவில்லை. ஒபுவோபியையே பார்த்தார்.

"வரேன்," என்றார் ஒபுவோபி. "நாளைக்குக் காலையில, மணி அடிச்சதும் எல்லாரும் வரிசையில நிக்கறப்ப..."

"இல்லய்யா. இன்னிக்கே. இன்னொரு ராத்திரி அந்தப் பேரோட அதுங்க படுக்க வேண்டாம்."

ஒபுவோபி மண்ணில் கையை ஊன்றி எழுந்தார். பிடிக்கப் போன பெப்ராவின் கையை விலக்கிவிட்டு, வாசலில் கிடந்த செருப்பையும் கவனிக்காமல் வெயிலில் இறங்கினார். அயாம்கா முன்னால் நடந்தார். லமிசியும் சபையில் இருந்தவர்களில் பாதிப் பேரும் பின்னால் போனார்கள்.

பள்ளிக்கூடம் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. அடோட்டே வண்டிச் சாவியை எடுத்தான். "மேடம், பாவம், வெறுங்கால். வண்டியில கொண்டு போய் விட்டுடவா?"

செர்வா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்துத் துடைத்து மறுபடியும் துடைத்தார்.

"வேண்டாம்," என்றார். "நடக்கட்டும்."